அடிவரிசைக்காரி கரையேறிய புதன்கிழமை

ஹெரான் ஏரி அந்த வருஷம் கரையைத் தின்றுவிட்டது. ஒரே வாயில் விழுங்கியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். பனி உருகியதும் கொஞ்சம், மே மாத மழைக்குக் கொஞ்சம், ஜூனில் இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்த்ததற்கு மீதி என்று, விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி நிதானமாக உட்கார்ந்து தின்றது. ஜூலை பிறந்தபோது பூங்காவில் மணல் என்று ஒன்று இல்லவே இல்லை. கைப்பந்து வலைக் கம்பங்கள் தண்ணீரில் நின்றன. பிக்னிக் மேஜைகளுக்கு நடுவே கெண்டை மீன்கள் குடும்பத்தோடு உலாவின. ஏரியைப் பார்த்தபடி கட்டிய மரக் கேலரியின் கீழ்ப்படிகள் இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன.

விஸ்கான்சினில் கோடை என்பதே கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிப்போகிற சமாசாரம். அதற்கும் இந்தக் கதி என்றால் யாரிடம் போய் முட்டிக்கொள்வது? ஊராட்சி அலைத்தடை போட்டுவிட்டது. மோட்டார் படகு எதுவும் மனிதன் நடக்கிற வேகத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் எழும்புகிற அலை கரையோர வீடுகளுக்குள் புகுந்துவிடும். நியாயமான தடைதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் நடக்கிற வேகத்தில் போகும் படகு நீர்ச்சறுக்குக்காரரை இழுத்துக்கொண்டு போகாது, மூழ்கடித்துவிட்டுப் போகும். ஆக, புதன்கிழமைதோறும் சாயங்காலம் ஊரே கேலரியில் கூடிப் பார்க்கும் சறுக்குக் காட்சி அம்போ.

மற்றவர்களுக்கு ஒரு கோடை போயிற்று. ரோண்டா பேகலுக்குப் போனது அவளுடைய கடைசிக் கோடை.

ரோண்டா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். ஐம்பதைத் தாண்டியவள், அகலமான தோள்காரி. இளம்பெண்ணாகச் சறுக்குக் குழுவில் சேர்ந்த அன்றே அந்தத் தோளைப் பார்த்துவிட்டு, “நீ அடிவரிசைம்மா” என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு நின்றவள்தான். படகு கயிறு கட்டி இழுக்க, ஒரு வரிசைப் பெண்கள் தண்ணீரில் சறுக்கியபடி நிற்பார்கள். அவர்கள் தோளில் இன்னொரு வரிசை ஏறும். எல்லோருக்கும் உச்சியில் ஒரு சின்னப்பெண் ஏறி நின்று இரண்டு கையையும் விரித்துச் சிரிப்பாள். கேலரி அப்படியே எழுந்து கைதட்டும். தட்டுவதெல்லாம் உச்சியில் நிற்பவளுக்கு. அடியில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறவளின் முகத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. மேலே என்ன நடக்கிறது என்று அவளும் பார்க்க முடியாது. கழுத்தைத் தூக்கினால் கோபுரம் சரிந்துவிடும்.

ஆனால் அடிவரிசைக்காரிக்கும் ஒரு நாள் உண்டு. குழுவை விட்டு விலகுகிறவர் யாராக இருந்தாலும், கடைசிக் காட்சியில் தன்னந்தனியாக ஏரியில் வருவார். கரைக்கு நேரே கயிற்றை விட்டுவிட்டு, வந்த வேகத்திலேயே சறுக்கி, தலைமுடி நனையாமல் மணலில் ஏறுவார். யாரும் கை கொடுக்கக் கூடாது. ஏறியதும் சறுக்குப்பலகைகள் இரண்டையும் மணலில் செங்குத்தாக நட்டுவிட்டு, வெறுங்காலோடு கேலரிக்குப் போய் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்துவிடுவார். பலகைகள் விடியும்வரை அங்கேயே நிற்கும். எத்தனையோ பேருக்கு ரோண்டா கை வலிக்கத் தட்டியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும், எனக்கும் ஒரு நாள் வரும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அந்த நாள் இந்த ஆகஸ்டில் வரவேண்டியது. செப்டம்பரில் அவளுடைய வலது முழங்காலை மாற்றப்போகிறார்கள். அதற்குப் பிறகு பலகையில் கால் வைக்கவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குக் குழு முழுக்க வழக்கமான பாரில் கூடியிருந்தது. குழுத் தலைவி கிர்ஸ்டன், கோபுரத்தின் உச்சியில் நிற்கும் ஒல்லிப் பெண், பீர் கோப்பையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

“இந்த சீசன் அவ்வளவுதான். ஏரி இறங்கப்போறதில்லை. ரோண்டா, உங்களுக்கு மட்டும் பெருசா ஒரு விழா வெச்சுடலாம்னு இருக்கோம். கேக்கு, பூச்செண்டு எல்லாம்.”

“கேக்கை நான் தினம் பள்ளிக்கூடம் பூராவுக்கும் வெட்டறேன். எனக்கு நீ வெட்ட வேணாம்,” என்றாள் ரோண்டா. “நான் கரையேறணும்.”

“கரை எங்க இருக்கு ஏறறதுக்கு?”

“மணலைத்தான் மே மாசமே வாரி மூட்டை கட்டிட்டமே,” என்றான் டுவெய்ன். டுவெய்ன் ரோண்டாவின் கணவன், குழுவின் படகோட்டி. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவளைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருப்பவன். அவன் சொன்னதும் வாஸ்தவம்தான். எப்படியும் தண்ணீருக்குள் போகப்போகிற மணல்தானே என்று, வெள்ளம் வருமுன்பே ஊர் கூடிப் பூங்கா மணலை மூட்டைகளில் நிரப்பிக் கரையோர வீடுகளைச் சுற்றிச் சுவராக அடுக்கியிருந்தது.

“சுவர்னு பேச்செடுக்காத,” என்று யாரோ முணுமுணுத்தார்கள். எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். ஜூன் மாதம் ஒரு விடியற்காலை, யாருக்கும் தெரியாது என்ற நினைப்பில், ஒரே ஒரு சுற்று பயிற்சி என்று படகை விரட்டினார்கள். கிளம்பிய அலை நேராகப் போய் எல்ராய் டீட்ஸின் மூட்டைச் சுவரில் மோதி அதைச் சரித்தது. அவர் வீட்டு நிலவறையில் இடுப்பளவு தண்ணீர். அன்றைக்கு அடிவரிசையில் ரோண்டாவும் நின்றாள். அதற்குப் பிறகு அவர் வீட்டுப் பக்கம் போகவே அவளுக்கு முகமில்லை.

இருந்தாலும் ஆசை விடவில்லை. மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் அடுக்கிக்கொண்டே யோசித்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

“அலைத்தடை படகுக்குத்தானே? பிக்கப் வண்டி படகா?”

டுவெய்ன் சாப்பிடுவதை நிறுத்தினான். “என்ன சொல்ல வர்ற?”

“பழைய ரயில் மேடு இருக்குல்ல? தண்டவாளம் பிடுங்கினதுலேர்ந்து சும்மாதானே கிடக்கு. ஏரியை ஒட்டி நேரா பூங்காவைத் தாண்டிப் போகுது. நீ மேட்டு மேல வண்டியை விடு. நான் கீழ தண்ணில வர்றேன். படகும் இல்லை, படகு கிளப்பற அலையும் இல்லை.”

“ரோண், அந்த மேடு எல்ராயோட நிலம்.”

“ஞாயித்துக்கிழமை காலைல அவர் சர்ச்சுல இருப்பாரு.”

செய்யக்கூடாத காரியம். அவளுக்கே தெரியும். ஆனால் ஒன்றை வேண்டும் என்று மனசு பிடித்துவிட்டால் ரோண்டா ஒற்றைக்காலில் நிற்பவள். அதுவும் வலிக்கிற காலில்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் மணி அடித்து ஓய்ந்ததும் மூன்று பேரும் மேட்டில் ஏறிவிட்டார்கள். டுவெய்ன் ஸ்டியரிங்கில், கிர்ஸ்டன் வண்டியின் பின்தட்டில் ரோண்டாவைப் பார்த்தபடி, ரோண்டா மேட்டின் அடியில் தண்ணீரோரம் பலகைகளை மாட்டிக்கொண்டு. “போலாம்!” என்று கத்தினாள். கயிறு விறைத்தது. அடுத்த நொடி அவள் தண்ணீர் மேல் எழுந்து நின்றாள். அடடா! பிக்கப் வண்டி என்னமாய் இழுத்தது! இரண்டு மாதமாக உடம்பு மறந்திருந்த அந்த வேகம் உள்ளங்காலில் ஏறி நெஞ்சுக்கு வந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த ஜோரில் எதிரே மிதந்து வந்த மரத்துண்டைக் கவனிக்கவில்லை. யாருடைய படகுத்துறையிலிருந்தோ பிய்த்துக்கொண்டு வந்த கட்டை. தடுக்கி, கயிற்றை விட்டு, தலைகுப்புற விழுந்தாள்.

“விழுந்துட்டாங்க!” என்று கிர்ஸ்டன் வண்டிக் கூரையில் தட்டினாள்.

இனி நடந்ததுதான் எங்கள் ஊரில் இன்றைக்கும் பார்களில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற கதை. சறுக்குகிறவர் விழுந்தால் படகோட்டி என்ன செய்வான்? வேகத்தைக் குறைத்து, சுக்கானை முழுசாகத் திருப்பி, வட்டமடித்து விழுந்தவரிடம் போய்ச் சேருவான். டுவெய்ன் வாழ்நாள் முழுக்கச் செய்தது அது. தூக்கத்தில் கேட்டாலும் அவன் கை அதைத்தான் செய்யும். செய்தது. ரயில் மேட்டின் மேல், பிக்கப் வண்டியின் ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பினான். வண்டி ஒரு மரியாதைக்குக்கூடத் தயங்காமல் சரிவில் இறங்கி ஏரிக்குள் மூக்கை நுழைத்து நின்றது. கிர்ஸ்டன் நல்லவேளை முன்பே குதித்துவிட்டாள்.

ரோண்டா நீந்தி வந்து பார்த்தபோது டுவெய்ன் இடுப்பளவு தண்ணீரில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

“ஏன்யா திருப்பினே?”

“நீ விழுந்தியே.”

“அதுக்கு?”

“விழுந்தா நான் திரும்பி வரணும்ல?” என்றான் அவன், அவள்தான் ஏதோ புரியாமல் கேட்கிறாள் என்பதுபோல. திட்டுவதற்கு வாயைத் திறந்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த மனுஷனை என்ன செய்வது! வண்டி ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவன் காதைப் பிடித்து ஒரு திருகு திருகினாள், அவ்வளவுதான் முடிந்தது.

பிரசங்கம் சீக்கிரம் முடிந்துவிட்டதோ என்னவோ, எல்ராய் டீட்ஸ் கோட்டும் டையுமாக மேட்டில் வந்து நின்றார். எழுபது வயது விவசாயி, ஆனால் முதுகில் கூன் கிடையாது. வண்டியைப் பார்த்தார். மூவரையும் பார்த்தார்.

“மேட்டுல ஏற யார்கிட்ட கேட்டீங்க?”

“கேக்கலை,” என்றாள் ரோண்டா.

“கேட்டிருந்தா?”

“முடியாதுன்னிருப்பீங்க.”

“அப்போ பதில் தெரிஞ்சேதான் ஏறியிருக்கீங்க.”

ரோண்டாவும் டுவெய்னும் ஈரம் சொட்ட நின்றார்கள். அவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் போய் டிராக்டரைக் கொண்டுவந்தார். சங்கிலி மாட்டினார். தூரத்தில் தன் வீட்டுப் பக்கம் உயர்ந்து நின்ற தீவனக் கோபுரமான சைலோவைப் பார்த்தபடி டிராக்டரைக் கிளப்பினார். பின்னால் வண்டி முனகியது, கல் சரிந்தது, டுவெய்ன் “மெதுவா, மெதுவா” என்று கூவினான். அவர் ஒரு தடவைகூடத் தலையைத் திருப்பவில்லை. வண்டி நூல் பிடித்த மாதிரி நேராக மேடேறியது. மற்றவர்கள் வண்டியைப் பார்த்தார்கள். ரோண்டா அவருடைய அசையாத பின்னந்தலையைப் பார்த்தாள்.

“இனிமே யாரும் இதுல ஏறக் கூடாது,” என்று சொல்லிவிட்டு எல்ராய் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் ரோண்டா மண்வெட்டியோடு அவர் வீட்டுக்குப் போனாள். கதவைத் தட்டாமல் நேராகப் பின்பக்கம் போய், ஜூனில் சரிந்து அரைகுறையாகக் கிடந்த மூட்டைச் சுவரைப் பிரிக்க ஆரம்பித்தாள். எல்ராய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

“நான் உன்னைக் கூப்பிடலையே.”

“நீங்க கூப்பிட்டீங்கன்னு நானும் சொல்லலையே.”

ஜன்னல் மூடிக்கொண்டது. அவள் கிழிந்த மூட்டைகளைப் பிரித்து, மணலைப் புது மூட்டைக்கு மாற்றி, செங்கல் வைக்கிற மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக மாற்றி மாற்றி அடுக்கினாள். மூட்டைக்குள்ளிருந்து பூங்கா மணலோடு பழைய கோடைகளும் கொட்டின: சோடா மூடி, ஐஸ்கிரீம் குச்சி, எந்தக் குழந்தையோ தொலைத்த சிவப்புப் பிளாஸ்டிக் கரண்டி. கரண்டியைத் துடைத்துச் சுவரின் மேல் வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

அடுத்த நாளும் போனாள். அதற்கடுத்த நாள் கிர்ஸ்டன் வந்தாள், டுவெய்ன் வந்தான், பிறகு ஒவ்வொருவராகக் குழுவே வந்தது. தூரத்தில் எல்ராய் வெள்ளம் வடிந்த துண்டு நிலத்தில் தீவனப் புல் விதைத்துக்கொண்டிருந்தார். சோளம் மொத்தமும் போய்விட்டது அவருக்கு. டிராக்டர் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குப் போகும், வரும். தலை திரும்பவே திரும்பாது. ரோண்டா மூட்டை கட்டுவதை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

சுவர் முக்கால்வாசி எழும்பிய அன்று எல்ராய் ஒரு மண்வெட்டியோடு வந்து அவள் பக்கத்தில் நின்று மணல் அள்ளினார். இரண்டு மூட்டை நிரம்பியதும் கேட்டார்.

“சும்மா இதைச் செய்ய மாட்டே. என்ன வேணும் உனக்கு?”

“முதல்ல இது. அன்னைக்கு அந்தப் படகுக்குப் பின்னால நானும் நின்னேன். மன்னிச்சிடுங்கன்னு வாயால சொன்னா நீங்க ஏத்துக்க மாட்டீங்கன்னு தெரியும்.”

“மாட்டேன்தான்.” ஒரு மூட்டையைக் கட்டினார். “அப்புறம்?”

“எங்க காட்சியை நீங்க ஒரு தடவையாவது பார்த்திருக்கீங்களா?”

“புதன்கிழமை சாயங்காலம் பால் கறக்கிற நேரம். நீங்க கைதட்டி முடிக்கிறவரைக்கும் மாடு காத்துக்கிட்டிருக்காது.”

“இப்பத்தான் மாடே இல்லையே உங்ககிட்ட.”

“பழக்கம் இருக்கே.”

ரோண்டாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். முழங்கால், செப்டம்பர், கரையேற்றம், மணலில் நடும் பலகைகள்.

“அடிவரிசைல நிக்கறவளை யாரும் பார்க்க மாட்டாங்க. அது பரவாயில்லை, யாராவது அங்கே நின்னுதான் ஆகணும். ஆனா ஒரே ஒரு தடவை, நான் வர்றதை இந்த ஊர் பார்க்கணும். அவ்வளவுதான். இந்த வயசுல வெட்கங்கெட்ட ஆசைன்னு நினைச்சா நினைச்சுக்குங்க.”

எல்ராய் அப்படி நினைத்தாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. மண்வெட்டியைத் தரையில் தட்டி மணலை உதிர்த்தார்.

“வண்டி யாரு ஓட்டறது? உன் வீட்டுக்காரர்னா வேணாம். ஏரிக்கு ஒரு வண்டி குடுத்தது போதும்.”

“எங்க ஆளுங்க யாரு ஓட்டினாலும் அதே கதைதான். அத்தனை பேரும் படகுக்காரங்க. யாராவது விழுந்தா கை தானா திரும்பிடும். நீங்க ஓட்டணும்.”

அந்த மனுஷர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தாள். “நானா? மிதக்கிற எதையும் நான் நம்பறதில்லைம்மா. வாத்தைக்கூட.”

“அதனாலதான் கேக்கறேன்.”

“பாரு, நான் விதைக்கும்போது எதிர்க்கோடில ஒண்ணைக் குறி வெச்சுப்பேன். திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்த்தா விதைக்கிற சால் கோணிடும். நீ விழு, எழு, கத்து. நான் பார்க்க மாட்டேன், சொல்லிட்டேன்.”

“பார்க்க வேணாம். டுவெய்ன் பின்தட்டுல உட்கார்ந்து பார்ப்பான். விழுந்தா கூரையைத் தட்டுவான். நீங்க வண்டியை நிறுத்தினா போதும்.”

“திருப்பக் கூடாது.”

“திருப்பவே கூடாது.”

“முதல்ல சுவரை முடிங்க,” என்றார் எல்ராய். “என் வீட்டோடதை மட்டும் இல்லை.”

அவர் வீட்டுச் சுவரை முடித்தார்கள். பிறகு தாழ்ந்த கரையில் இருந்த ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் பார்த்து, சரிந்ததை நிமிர்த்தி, கிழிந்ததை மாற்றினார்கள். சறுக்கிப் பழகிய கைகளெல்லாம் மூட்டை தூக்கிக் காய்த்துப்போயின. ஊராட்சித் தலைவரிடம் போய்க் கேட்டபோது அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “பிக்கப் வண்டிக்கு அலைத்தடை போட எனக்கு அதிகாரம் இல்லையே” என்றார். சம்மதம் என்று அர்த்தம்.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை காலை, மூழ்கிய பூங்காவில் ஊர்க்காரர்கள் கைகோத்து வரிசையாக நின்று, வெறுங்காலால் தரையைத் துழாவியபடி தண்ணீரில் நடந்தார்கள். இல்லாவிட்டால் அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கைப்பந்துக் கம்பங்களைப் பிடுங்கினார்கள். இறைச்சி வாட்டும் இரும்பு அடுப்பு ஒன்று அகப்பட்டது. கடைசியில் கிர்ஸ்டன் “ஐயோ!” என்று காலைத் தூக்கினாள். குதிரைலாடம் எறிந்து விளையாடுகிற இரும்புக் கம்பி, ஈட்டி மாதிரி நட்டுக்கொண்டு நின்றது. அதன் மேல் வேகமாக வந்து ஏறியிருந்தால் மாற்றுவதற்கு முழங்காலே மிஞ்சியிருக்காது. நாலு பேர் சேர்ந்து ஆட்டி ஆட்டி அதைப் பிடுங்கினார்கள். ரோண்டா பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனால் வேண்டாம் என்று ஒருவர் சொல்லுமுன் அவளே, “இன்னொரு தடவை நடந்துடுங்க, அந்தப் பக்கமும்” என்றாள்.

சாயங்காலம் கேலரியில் மூன்றாவது படியிலிருந்து உச்சிவரை கூட்டம். வண்டிகளின் பின்தட்டில் பிராட் இறைச்சிக் குழல்கள் வாட்டுகிற புகை ஏரிமேல் பரவியது. ரயில் மேட்டின் மறுகோடியில் ரோண்டா தண்ணீரோரம் உட்கார்ந்து முழங்காலில் பட்டையை இறுக்கிக் கட்டினாள். எல்ராய் தன் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தார். டுவெய்ன் பின்தட்டில், அவளைப் பார்த்தபடி.

“ரோண்,” என்றான் டுவெய்ன். “விழுந்தே, இந்தத் தடவை நான் நீந்தித்தான் வரணும்.”

“விழ மாட்டேன். மூஞ்சியை அப்படி வெச்சுக்காத. போலாம்!”

கயிறு இழுத்தது. அவள் எழுந்தாள். எல்ராய் தூரத்துச் சைலோவைக் குறிவைத்து ஓட்டினார். அப்பப்பா, அதுமாதிரி ஓர் இழுப்பை அவள் எந்தப் படகிலும் அனுபவித்ததில்லை. கூடுவதில்லை, குறைவதில்லை, ஒரு நடுக்கம் இல்லை. பலகைகளுக்குக் கீழே தண்ணீர் துணி கிழிவதுபோல் சத்தமிட்டது. பக்கத்தில் தோளோடு தோள் உரச யாரும் இல்லை. தோள்மேல் யாருடைய குதிகாலும் இல்லை. தோள் இவ்வளவு லேசாக இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அவள் கழுத்தைத் தூக்கினாள். எதுவும் சரியவில்லை.

பூங்கா நெருங்கியது. முழங்காலில் ஊசி குத்தியது, குத்தட்டும். சிவப்புக் கொடி நட்ட இடத்தில் கயிற்றை விட்டாள். வண்டி தன்பாட்டுக்கு மேட்டில் போய்க்கொண்டே இருந்தது. அவள் பலகையைச் சாய்த்துக் கரைப்பக்கம் திரும்பினாள். காலுக்கடியில் தண்ணீர் மெலிந்து, மூழ்கிய புல் பச்சையாகத் தெரிந்தது. ஒரு கெண்டை பதறி விலகியது. முன்பெல்லாம் கரையேறியவர்களுக்கும் கேலரிக்கும் நடுவே மணல்வெளி பூராவும் கிடக்கும், முகம் தெரியாது. இன்றைக்கு ஏரி அவளைக் கூட்டத்தின் மடியிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தது. வேகம் குறைந்து பலகைகள் முழங்கால் ஆழத்தில் அமிழ்ந்து நின்றபோது, மூன்றாவது படி அவள் கையெட்டும் தூரத்தில் இருந்தது. கால்களைப் பலகையிலிருந்து உருவினாள். நல்ல காலைத் தூக்கி வைத்தாள். வலிக்கிற காலை இழுத்துக்கொண்டாள். முன்வரிசையில் இருந்தவர்கள் கை கொடுக்கத் துடித்து, வழக்கத்தை நினைத்துக் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்கள். ரோண்டா தானே ஏறினாள். அவர்கள் நடுவில் உட்கார்ந்தாள். தலைமுடியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

கேலரி எழுந்தது. அவள் சாப்பாடு போட்டு வளர்ந்த முகங்கள், அந்தக் குழந்தைகளின் குழந்தைகள், எல்லோரும் அவளை, அவளை மட்டும், பார்த்துக் கத்தினார்கள். அடக்க முடியாமல் அழுதாள். முகத்தை மூடிக்கொள்ளவில்லை. பார்க்கட்டும்.

சத்தம் அடங்கியபோது கிர்ஸ்டன் தண்ணீரில் மிதந்த பலகைகளை எடுத்துவந்து நீட்டினாள். “இதை எங்க நடப்போறீங்க? மணலே இல்லையே.”

ரோண்டா மேட்டுப் பக்கம் பார்த்தாள். வண்டி மேடு முடிகிற இடத்தில், எல்ராயின் வீட்டு வாசலில், போய் நின்றிருந்தது.

“இருக்கு,” என்றாள்.

பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நொண்டி நொண்டி மேட்டு வழியே நடந்தாள். கூட்டம் பின்னாலேயே வந்தது. எல்ராய் இன்னும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, சைலோவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டுவெய்ன் ஓடிவந்து மனைவியைக் கட்டிக்கொண்டான்.

“கூரையை யாரும் தட்டலை,” என்றார் எல்ராய். “விழலையா?”

“விழலை. நீங்க பார்க்கவே இல்லையா?”

“பார்க்க மாட்டேன்னு சொன்னேனே.”

“கடைசிலகூடவா?”

“கடைசிலதான் சால் கோணும்.”

ரோண்டா அவரையே பார்த்தாள். ஊரே பார்த்த ஒன்றை, இழுத்துக்கொண்டு வந்த மனுஷர் மட்டும் பார்க்கவில்லை. “என் தோள்மேல ஏறி எத்தனையோ பொண்ணுங்க கை விரிச்சு நின்னிருக்காங்க,” என்றாள் மெதுவாக. “ஒருத்தி முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. இறங்குங்க எல்ராய். ஒரு வேலை பாக்கி இருக்கு.”

வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். மூட்டைச் சுவரின் மேல்வரிசையில் இரண்டு மூட்டைகளின் வாய்க்கட்டை அவிழ்த்தாள். பூங்கா மணல் சாயங்கால வெயிலில் மினுங்கியது. சிவப்புக் கரண்டி வைத்த இடத்திலேயே இருந்தது.

“மூட்டையை அவுத்தா தண்ணி வரும்,” என்றார் எல்ராய்.

“மேல்வரிசைதான். வராது. வந்தா நான் வந்து அடுக்கறேன்.”

ஒரு பலகையை மணலுக்குள் குத்தி இறக்கினாள். பிறகு மற்றதை. ஆட்டிப் பார்த்தாள், இரண்டும் செங்குத்தாக, அசையாமல் நின்றன. கூட்டம் ஏரிக்கரைச் சேற்றில் நின்றபடி மறுபடி கைதட்டியது. எல்ராய்க்கு அந்தச் சத்தமெல்லாம் பழக்கமில்லை. பால் கறக்கிற நேரம் ஆகிவிட்டது என்று ஏதோ முனகிக்கொண்டு வீட்டுப் படியேறினார். கதவைத் திறந்தவர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்று, திரும்பிப் பார்த்தார்.